நீளு, தண்ணி, வத்துர

அக்கரப்பத்தனையில் எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஓடுகிற அக்ர ஓயா, கொஞ்சத் தூரம் போய்க் கொத்மலை ஓயாவாகிறது. தலவாக்கலையில் மேல் கொத்மலை அணைக்கட்டில் ஒரு தரம் நிற்கிறது. கொத்மலை நீர்த்தேக்கத்தில் இன்னொரு தரம். பிறகு மகாவலியோடு கலந்து, நான் படிக்கிற பேராதனை வளாகத்தை ஒட்டிப் போகிறது. (வீட்டு நினைப்பு வந்தால் பாலத்தில் போய் நின்று தண்ணியைப் பார்க்கிற தோழிகள் எனக்கு உண்டு. நான் அந்த அளவுக்கு இல்லை.) பொல்கொல்ல, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே என்று ஒவ்வொரு அணையாகத் தாண்டி மினிப்பேக்குப் போனதும், அதில் ஒரு பங்கு வலது கரைக் கால்வாயில் பிரிகிறது. உல்ஹிட்டிய, ரத்கிந்த குளங்களுக்குப் போய், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக மாதுரு ஓயாவில் விழுகிறது.

தண்ணிக் கதையை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் இருக்கு. அந்தத் தண்ணி போய்ச் சேருகிற காட்டில் இருந்தவர்களுடைய பேச்சைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கூடவே எங்க அவ்வாவுடைய பேச்சைப் பற்றியும்.

போன வருஷம் எங்கள் பெட்ச்சில் ஏழு பேர் தம்பானைக்குப் போனோம். கண்டியிலிருந்து பஸ், பதினெட்டு வளைவு இறங்கி மஹியங்கனை, அங்கிருந்து ஓட்டோ. வேடுவர் கிராமம் என்றால் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்த படம்தான்: தாடி, தோளில் கோடரி, இடுப்பில் துணி. போனால் அதே படம் உயிரோடு வந்து இரண்டு கையாலும் நம் கைகளைப் பிடித்து ‘ஹொந்தமய், ஹொந்தமய்’ என்று வரவேற்கிறது. ஒரு இளைஞர் தங்கள் பாஷையில் நாலைந்து வசனம் பேசிக் காட்டினார். பிறகு அதையே சிங்களத்தில் விளக்கினார். எங்களில் சிங்களம் நல்லாத் தெரிந்தது ஒருத்திக்கு மட்டும்தான்; அவள் தமிழில் சொன்னாள். ஆக எனக்கு அந்தப் பாஷை மூன்றாம் கையாகத்தான் கிடைத்தது. போட்டோ எடுத்தோம், தேன் போத்தல் வாங்கினோம், திரும்பினோம்.

திரும்பி வரும்போது ரெண்டு சொல் மட்டும் தலைக்குள்ளேயே நின்றது. ஒன்று போட்டகந்தா. யானைக்கு அவர்கள் சொல்கிற பெயர். சிங்களத்தில் அலியா, தமிழில் யானை, இது ரெண்டிலும் சேராத ஒன்று. மற்றது மங்கச்சனவா. நடப்பது, போவது என்று அர்த்தம். சிங்களம் கொஞ்சம் காதில் விழுந்தவர்களுக்கே அந்த வால் பிடிபடும்: யனவா, எனவா, கனவா மாதிரி ‘னவா’ என்று முடிகிறது. தலை யாருடையதோ, வால் சிங்களத்தின் வால்.

அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே ஆய்வாளர்கள் எழுதியிருப்பது அத்தனையும் கிடக்கு என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் பல்கலைக்கழகத்தில் சிங்களப் பேராசிரியராக இருந்த கே.என்.ஓ. தர்மதாச 1974இல் எழுதிய ஒரு கட்டுரை, வேடுவர் பேச்சைச் சிங்களத்தின் ஒரு வட்டார வழக்கு என்று ஒதுக்கிவிட முடியாது என்கிறது. அவர்களுக்கென்று பழைய பாஷை ஒன்று இருந்தது. சிங்களம் பேசுகிறவர்களோடு பல நூற்றாண்டு உரசி உரசி, இரண்டும் கலந்து புதிதாக ஒரு கலப்பு மொழி பிறந்தது. இன்று நாம் கேட்பது அதுதான். பழைய பாஷை எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி இந்த மாதிரி உதிரிச் சொற்கள் மட்டும். எம்.டபிள்யூ. சுகதபால டி சில்வா 1972இல் வேடுவரின் பேச்சையும் சொற்களையும் தொகுத்து ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். அதற்கும் முன்னால் செலிக்மன் தம்பதியர் காடு காடாக அலைந்து எழுதிய பெரிய புத்தகம் 1911இல் வந்தது. அதாவது எழுதி வைக்க ஆள் வந்துகொண்டே இருந்திருக்கு. பேசுவதற்குத்தான் ஆள் குறைந்துகொண்டே போனது.

எப்படிக் குறைந்தது? 1911 குடிசனக் கணக்கெடுப்பில் வேடுவர் 5,332 பேர். 1963இல் 400. அரை நூற்றாண்டில் ஐயாயிரம் பேர் செத்தா போனார்கள்? இல்லை. கணக்கெடுக்க வந்தவரிடம் சிலர் சிங்களவர் என்று சொன்னார்கள், சிலர் தமிழர் என்று சொன்னார்கள், அல்லது வந்தவரே அப்படி எழுதிக்கொண்டு போனார். இது மலையகத்து ஆட்களுக்குப் புதுசு இல்லை. ‘இந்தியத் தமிழர்’ கட்டத்தில் போடுவதா ‘இலங்கைத் தமிழர்’ கட்டத்தில் போடுவதா என்று ஒவ்வொரு தடவையும் நம் வீட்டு வாசலில் நடக்கிற அதே கதைதான். கட்டம் மாறினால் ஆள் மாறிவிடுகிறார்.

பிறகு வந்தது மகாவலி. 1977க்குப் பிறகு துரித மகாவலித் திட்டம் என்று ஒரே வேகத்தில் அணைகள் எழும்பின. மாதுரு ஓயாவை மறித்தார்கள். அந்த நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காட்டை 1983இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஒரு வர்த்தமானி அறிவித்தலோடு வேடுவர் தங்கள் சொந்தக் காட்டில் வேட்டையாடினால் கள்ள வேட்டை, தேன் எடுத்தால் குற்றம் என்றாகிவிட்டது. பல குடும்பங்களை ஹெனானிகல பக்கம் கொண்டுபோய் வயல் கொடுத்துக் குடியேற்றினார்கள். தலைவர் திசாஹாமியும் சில குடும்பங்களும் மட்டும் போகமாட்டோம் என்று தம்பானையிலேயே இருந்தார்கள். 1998இல் அவர் காலமாகும் வரை அங்கேதான். இப்போது அவருடைய மகன் ஊருவரிகே வன்னிலா அத்தோ தலைவர். ‘அத்தோ’ என்றால் ஆட்கள். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் வன்னியல அத்தோ, காட்டில் வாழும் ஆட்கள். காடு போனபிறகும் பெயர் மட்டும் இருக்கு.

ஒரு பாஷைக்கும் காட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நம்ம தோட்டத்தையே பாருங்கள். பெரட்டு, கவ்வாத்து, கொழுந்து, மட்டக்கம்பு, படங்கு, நாட்டக்கூலி. இந்தச் சொற்களை அம்மா எனக்கு உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. மலைக்குப் போய் வந்தால் வாயில் தானாக ஒட்டும். நாளைக்கே தேயிலை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், பத்து வருஷத்தில் மட்டக்கம்பு என்ற சொல் யாருக்கு வேணும்? அகராதியில் இருக்கலாம். வேடுவர் பாஷையில் நிறையச் சொல் விலங்கையும், வேட்டையையும், தேனையும் பற்றியது. வேலையைப் பிடுங்கிக்கொண்டு பாஷையைக் காப்பாற்றுங்கள் என்று சொல்வது விளக்கை எடுத்துவிட்டு வெளிச்சம் இருக்கட்டும் என்பது போலத்தான்.

இப்போது தம்பானைப் பிள்ளைகள் சிங்கள மொழிமூலப் பள்ளிக்குப் போகிறார்கள். வீட்டிலும் பெரும்பாலும் சிங்களம். பழைய பேச்சு அதிகம் கேட்பது விருந்தாளி வரும்போது. இதைப் பார்த்துவிட்டு “எல்லாம் டூரிஸ்டுக்கு நடிப்பு” என்று எங்கள் வேனில் ஒருவன் சொன்னான். எனக்கு அது பிடிக்கவில்லை. நடிப்பென்றே வைத்துக்கொள்வோம். அந்த இளைஞர் நாலு வசனத்தைச் சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் யாரோ ஒரு கிழவரிடம் கேட்டுப் படித்திருக்க வேண்டும் அல்லவா? நம் ஊர்களில் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் வருஷத்துக்கு ஒரு தரம்தான் நடக்குது. அதில் வரும் பாட்டும் வசனமும் வேறெப்போதும் யார் வாயிலும் வராது. அதை நடிப்பு என்று சொல்லி ஒதுக்குகிறோமா?

சிங்களம் வேடுவர் பேச்சை விழுங்கியது என்று எழுதினால் நம்ம ஆட்கள் சந்தோஷமாக ஷேர் பண்ணுவார்கள். மறுபாதியையும் சொல்லிவிடுகிறேன். கிழக்கில் வாகரை, கதிரவெளி, மூதூர்ப் பக்கம் கரையோர வேடர் இருக்கிறார்கள். செலிக்மன் புத்தகத்திலும் அவர்களைப் பற்றி இருக்கு. அவர்கள் பேசுவது தமிழ். கும்பிடுவதில் முருகனும் உண்டு. சடங்கு வைக்கும்போது மட்டும் பழைய சொற்கள் கலந்த மந்திரங்கள் வருமாம். அங்கே விழுங்கியது நாம் பேசுகிற தமிழ்தான். யாரும் சட்டம் போடவில்லை, அடிக்கவில்லை. பக்கத்துக் கிராமம் தமிழ், கோவில் தமிழ், பள்ளிக்கூடம் தமிழ், மீன் வாங்க வருகிறவர் தமிழ். அவ்வளவு போதும். 1956 தனிச் சிங்களச் சட்டத்தைப் பற்றி வாய் கிழியப் பேசுகிற நாம் இதையும் பேசத்தான் வேணும். அரசாங்க அலுவலகத்திலிருந்து சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் எனக்கும் கோபம் வரும். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாச்சு, இன்னும் படிவம் தமிழில் இல்லை என்று நானும் சண்டை போட்டிருக்கிறேன். அந்தச் சண்டை நியாயம். ஆனால் தமிழ் எப்போதும் எல்லா இடத்திலும் அடி வாங்குகிற பக்கமாக மட்டும் இருந்ததில்லை.

எங்க வீட்டிலேயே இருந்ததில்லை.

எங்க அப்பாவுடைய அம்மாவை நாங்கள் அவ்வா என்றுதான் கூப்பிடுவோம். லயத்தில் மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் அப்பாயி, அம்மாயி. எங்களுக்கு மட்டும் அவ்வா. சின்ன வயசில் அது ஏன் என்று யோசித்ததில்லை. பக்கத்துக் காம்பரா பிள்ளைகள் “அவ்வா பவ்வா” என்று கேலி பண்ணும்போது கோபம் வரும், அவ்வளவுதான். அவ்வா பேசுவது தெலுங்கு. பேசுவது என்பதை விட, பேசியது என்று சொல்வதுதான் சரி. அவுங்க அம்மாவும் அப்பாவும் வீட்டுக்குள் தெலுங்கு மட்டும்தான். அவ்வா ரெண்டும். எங்க அப்பாவுக்கு விளங்கும், வாய் வராது. எனக்கும் அண்ணனுக்கும் நீளு என்றால் தண்ணி, புவ்வ என்றால் சோறு, ரா என்றால் வா. அத்தோடு சரி. நாலு தலைமுறையில் ஒரு பாஷை எப்படி இறங்குது என்று பார்க்க ஆய்வுக்கட்டுரை தேவையில்லை, எங்க வீட்டு அடுப்படிக்கு வந்தால் போதும்.

இதில் எனக்குப் புரியாமல் கிடந்த விஷயம் ஒன்று. எங்க ஆட்கள் நேரே ஆந்திராவிலிருந்து வந்தவர்கள் இல்லை. திருச்சிப் பக்கம் ஒரு கிராமம் என்று அவ்வா சொல்லும். தமிழ்நாட்டில் தெலுங்கு பேசும் பல சாதிகள் விஜயநகர, நாயக்கர் காலத்தை ஒட்டி அங்கே வந்து சேர்ந்தவை. அப்படிப் பார்த்தால் தமிழ் ஊருக்கு நடுவில் நானூறு வருஷம் வீட்டுக்குள் தெலுங்கைக் காப்பாற்றிய ஆட்கள், இங்கே வந்து நூறு வருஷத்துக்குள் தொலைத்துவிட்டார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை?

நான் யோசித்த வரைக்கும் முதல் காரணம் லயம். ஊரில் என்னதான் ஒதுக்கி வைத்திருந்தாலும் தனித் தெரு இருந்தது, அந்தத் தெரு முழுக்க ஒரே பேச்சு. இங்கே பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா, நடுவில் ஒரு சுவர், அந்தப் பக்கம் யார் இருமினாலும் இந்தப் பக்கம் கேட்கும். வீட்டுக்குள் பேசுகிறோம் என்று சொல்ல வீடே இல்லை. ரெண்டாவது, வேலை நடந்தது தமிழில். விடியக்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவது தமிழ், கங்காணி ஏசுவது தமிழ், துரைமாரும் சின்னத்துரைமாரும் வேலை வாங்குவதற்கென்று படித்ததும் தமிழ்தான். அவர்கள் படிக்க ‘கூலித் தமிழ்’ என்றே ஒரு ஆங்கிலக் கைநூல் இருந்தது. பெயரிலேயே நம்மை என்னவென்று நினைத்தார்கள் என்பது தெரிகிறது. தெலுங்குக்கு அப்படி ஒரு புத்தகமும் தேவைப்படவில்லை, மலையாளத்துக்கும் இல்லை. பிறகு பள்ளிக்கூடம் வந்தது, அதுவும் தமிழ்.

மூன்றாவது காரணம்தான் எழுதக் கை கூசுவது. தோட்டத்தில் தெலுங்கு என்பது சாதியைக் காட்டிக் கொடுக்கும். வாயைத் திறந்தால் எந்த லயத்து ஆள், எந்தப் பக்கம் உட்கார வேண்டிய ஆள் என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் எங்க அப்பா தலைமுறை அதைக் கவனமாக நிப்பாட்டியது. வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கும்போது அவ்வா வாய் தவறி ஏதாவது சொன்னால் அப்பா மெதுவாக, “ம்மா, அந்தப் பேச்ச விடுங்க” என்பார். ஏசமாட்டார். மெதுவாகச் சொல்வதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கும். அப்பாவை நான் குறை சொல்லப்போவதில்லை. அவர் ஒரு பாஷையைக் கொன்றார் என்று என்னால் எழுத முடியாது. பிள்ளைகள் ரெண்டு பேரும் தலை நிமிர்ந்து பள்ளிக்கூடம் போகட்டும் என்று நினைத்தார், போனோம். மலையகம் 200 என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்களே, அதன் படங்களில் ஒன்றுகூட விடாமல் பார்த்தேன். பெருமையாக இருந்தது. அந்த வழியில் அன்றைக்கு நடந்து வந்தவர்களில் எத்தனை பேர் தமிழ் இல்லாத ஒரு பேச்சையும் மூட்டையோடு தூக்கி வந்தார்கள் என்பதையும் யாராவது ஒரு பதாகையில் எழுதியிருக்கலாம் என்று தோன்றியது.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “தெலுங்கு அழியுதா? எட்டுக் கோடி பேர் பேசுறான், படம் எடுத்து உலகம் பூரா ஓட்டுறான்.” உண்மைதான். வேடுவர் பேச்சு தம்பானையில் போனால் உலகத்திலிருந்தே போச்சு. எங்க லயத்துத் தெலுங்கு போனால் ஹைதராபாத்தில் ஒருத்தருக்கும் தெரியாது, தெரியவும் தேவையில்லை. ரெண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது, நான் வைக்கவும் இல்லை. ஆனால் யூடியூப்பில் தெலுங்கு படித்துக்கொள் என்ற அவருடைய யோசனையைச் செய்து பார்த்தேன். அந்தத் தெலுங்கை அவ்வாவிடம் பேசினால், “இது யாரு பேச்சு, டீவி மாதிரி இருக்கே” என்றுச்சு. அவ்வாவுடைய தெலுங்கில் கொழுந்து இருக்கு, கங்காணி இருக்கு, அட்டைக்கடிக்கு ஒரு வசவு இருக்கு. அது எந்த ஆந்திராவிலும் கிடைக்காது.

இன்னொன்றும் நடந்தது. அக்கரப்பத்தனை என்று சொன்னால் கிழக்கு நண்பர்கள் காதில் எப்போதும் அக்கரைப்பற்று என்றுதான் விழும். முதலாம் வருஷத்தில் அப்படி ஒரு குழப்பத்தில் பழக்கமான தோழி ஒருத்தி, அக்கரைப்பற்றுக்குப் பக்கத்தில் அளிக்கம்பை என்று ஒரு கிராமம் இருப்பதாகச் சொன்னாள். பாம்பாட்டிகளாக ஊர் ஊராகத் திரிந்து, பிறகு ஒரே இடத்தில் குடியேறிய ஆட்கள். வீட்டில் பேசுவது தெலுங்கு! அனுராதபுரப் பக்கம் குடாகமவிலும் இப்படி ஆட்கள் உண்டு. சிங்களத்தில் அஹிகுண்டக என்பார்கள். இவர்கள் இந்தத் தீவில் தலைமுறை தலைமுறையாகத் தெலுங்கு பேசி வருகிறவர்கள், தேயிலைக்கு வந்தவர்கள் இல்லை. தோழி அங்கே ஒரு பாட்டியிடம் கேட்டு, அவர் சம்மதத்தோடு இரண்டு நிமிஷம் பேச்சைப் பதிந்து அனுப்பினாள். அவ்வா போனைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டுச்சு. பாதி விளங்கவில்லை. நாய்க்கு வரும் குக்க என்ற சொல்லும் எண்ணிக்கையும் தண்ணியும் விளங்கின. கேட்டு முடித்துவிட்டு, “யாரு இது, நம்ம ஆளா? எந்தத் தோட்டம்?” என்று கேட்டுச்சு. தோட்டம் இல்லாத ஊரில் தெலுங்கு இருக்கும் என்பதை அவ்வா கடைசி வரைக்கும் நம்பவில்லை.

அவ்வாவுடைய தங்கச்சி, எங்களுக்குச் சின்ன அவ்வா, சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போனவர். இப்போது நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம். வாட்ஸ்அப்பில் எப்போதாவது ரெண்டு பேரும் பேசுவார்கள். முழுக்கத் தமிழ்தான். சின்ன அவ்வாவின் பேரன் ஒரு தடவை சொன்னான், அவன் கூட வேலை செய்கிற இருளப் பையனும் வீட்டில் தன் பாஷை பேசுவதைக் குறைத்துக்கொண்டானாம். அங்கேயும் தேயிலைதான், அங்கேயும் தமிழ்தான்.

எங்கே என்ன செய்து மீட்டார்கள் என்று தேடிப் படித்ததில் நியூசிலாந்து கதைதான் எனக்கு நெருக்கமாகப் பட்டது. மாவோரிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசியதற்காக அடித்தார்கள். அடி வாங்கிய தலைமுறை தன் பிள்ளைகளுக்கு அந்தப் பாஷையைக் கொடுக்கவில்லை. எங்க அப்பா போலவே. ஆக கிழவிகளிடம் மொழி இருந்தது, பேரப்பிள்ளைகளிடம் இல்லை, நடுவில் ஒரு பெரிய ஓட்டை. 1982இல் வெலிங்டனுக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் முதல் கோஹங்கா ரேயோ தொடங்கினார்கள். மொழிக்கூடு என்று அர்த்தம். செய்தது ரொம்பச் சாதாரணம்: பாட்டிமாரையும் பால்குடி மறந்த குழந்தைகளையும் ஒரே அறையில் விட்டார்கள், அங்கே மாவோரி மட்டும்தான். நடு ஓட்டையைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள். சில வருஷத்துக்குள் நூற்றுக்கணக்கான கூடுகள். 1987இல் மாவோரி அரசகரும மொழியானது. கலிபோர்னியாவில் பழங்குடிகள் 1990களில் இன்னொரு வழி பிடித்தார்கள். பேசத் தெரிந்த கடைசிக் கிழவர் ஒருவர், கற்க விரும்பும் இளையவர் ஒருவர். இருவரும் வாரத்தில் பல மணி நேரம் சேர்ந்து சமைப்பார்கள், துணி துவைப்பார்கள், கடைக்குப் போவார்கள். ஆங்கிலம் கூடாது. புத்தகமும் கிடையாது.

சரி, அந்தக் கலிபோர்னியா முறையை நானும் அவ்வாவும் லீவில் செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். முதல் நாள் பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. போனில் ரெக்கோர்டரைப் போட்டதும் அவ்வா கோவிலில் பேசுகிற மாதிரி நல்ல தமிழில் பேச ஆரம்பித்துவிட்டது. “அவ்வா, அந்தப் பேச்சு” என்றால், “அதுல என்னா இருக்கு, படிச்ச புள்ள அதெல்லாம் எதுக்கு” என்கும். என்னைப் பார்த்தாலே அவ்வாவுக்குக் கெம்பஸ் ஞாபகம் வருது, வாய் தானாகத் தமிழுக்குத் திரும்பிவிடுது. அறுபது வருஷமாக ஆள் வந்தால் மாற்றிக்கொண்ட வாய். ரெக்கோர்டரை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தபோதுதான் ஒன்றிரண்டு வசனம் வந்தது. அதுவும் கீரையைப் பார்த்துத்தான், என்னைப் பார்த்து இல்லை.

ஆனால் வீட்டில் அவ்வா தெலுங்கு பேசுகிற ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்பதை அந்த லீவில்தான் கவனித்தேன். அண்ணன் மகள். நாலு வயசு. அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போனபிறகு பகல் பூரா அவ்வாவோடுதான். குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது, தூங்க வைக்கும்போது எல்லாம் தெலுங்கு. யாராவது வாசலில் வந்தால் டக்கென்று தமிழ். பிள்ளைக்கு ரெண்டும் விளங்குது. என்னிடம் வந்து, “அத்தை, நீளு தாங்க” என்கிறாள், தலைப்பு தெலுங்கு, முடிவு தமிழ். தம்பானையில் கேட்ட மங்கச்சனவா ஞாபகம் வந்தது. இவளுக்குச் சிங்களமும் டீவியிலிருந்து கொஞ்சம் வருது. தண்ணியைக் காட்டிக் கேட்டால் நீளு, தண்ணி, வத்துர என்று மூன்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டுக் கை தட்டுவாள். கோஹங்கா ரேயோ எங்கள் காம்பராவிலேயே சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கு, நடத்துகிறவருக்கே தெரியாமல்.

இந்த ஜனவரியில் அவளை முன்பள்ளியில் சேர்த்தார்கள். மூன்றாவது வாரம் டீச்சர் அண்ணியைக் கூப்பிட்டு, பிள்ளை என்னென்னவோ சொல் பேசுது, மற்றப் பிள்ளைகள் சிரிக்குதுகள், வீட்டில் ஒழுங்காத் தமிழ் பேசுங்க என்று சொல்லியிருக்கிறார். டீச்சரும் நம்ம பக்கத்து ஆள்தான், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அண்ணி வீட்டுக்கு வந்து அழுதுட்டாங்க. அண்ணி வேற டிவிஷன், தெலுங்கு பேசாத குடும்பம். கலியாணம் கட்டி வரும்போதே அவுங்க வீட்டில் ஏதோ பேசியிருக்காங்க, அதெல்லாம் திரும்ப ஞாபகம் வந்திருக்கும்.

நான் போனில் பெரிசாகப் பேசினேன். மாவோரி, கலிபோர்னியா, வேடுவர், 2022 முதல் 2032 வரை ஐக்கிய நாடுகள் சபையின் பூர்வகுடி மொழிகளுக்கான பத்தாண்டு என்று எல்லாம். அண்ணி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாங்க: “நீங்க சொல்றது சரிங்க. ஆனா பள்ளிக்கூடத்துல சிரிக்கிறப்ப பக்கத்துல நீங்களா இருக்கப் போறீங்க?”

அதுக்கு என்னிடம் பதில் இல்லை. அப்பா அப்போது பக்கத்தில் இருந்திருக்கிறார். போன் கை மாறியது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “வீட்டுக்குள்ள பேசட்டும். டீச்சர்கிட்ட நா போய்ச் சொல்றேன்” என்றார். என்ன சொல்வார் என்று கேட்கவில்லை. “எங்க வீட்டுப் பேச்சு அதுதான்னு சொல்றேன்” என்று அவரே சொன்னார்.

போனாரா என்று இன்னும் தெரியவில்லை. அவ்வாவிடம் கேட்டால், “ஒங்கப்பன் போனான், என்னா பேசுனான்னு சொல்லல” என்கிறது. பிள்ளை முன்பள்ளிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். போன வாரம் வீடியோ கோலில் புதுப் பாட்டு ஒன்று பாடிக் காட்டினாள், கிளாஸில் சொல்லித்தந்தது, தமிழ்ப் பாட்டு. நடுவில் நிப்பாட்டிவிட்டு அவ்வா பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். நெட்வொர்க் இழுத்ததால் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவ்வா எழும்பிப் போய்க் கோப்பையில் தண்ணி கொண்டுவந்து கொடுத்துச்சு.